மகளிர் பெட்டியில் ஒரு வளைகாப்பு

அந்த அமெரிக்காக்காரியை மகளிர் பெட்டிக்கு அழைத்துப்போனதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னிடம் கேட்க வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. எழும்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆங்கில டீச்சர். வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கிற ஏதோ ஒரு திட்டத்தில் அவளை இரண்டு வருஷத்துக்கு எங்கள் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குத் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகத்தான் கிடக்கிறது என்று தலைமையாசிரியையிடம் வாயைக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு டாக்ஸியில் இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கிவிட்டாள்.

மாடியில் அவள் குடித்தனம் நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். அப்படிக் குடிக்கிறவளே தெருமுனைத் தள்ளுவண்டியில் வெட்டி வைத்த தர்ப்பூசணியை ஈயை விரட்டிவிட்டுத் தின்பாள். ஜீன்ஸைக் கல்லில் அடித்துத் துவைக்கத் தெரியாமல் பக்கெட்டுக்குள் இறங்கி மிதிப்பாள். ஒருநாள் வறுத்த வேர்க்கடலையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய், விழுதாக அரைத்துத் தரச் சொன்னாள். ரொட்டியில் தடவித் தின்ன வேண்டுமாம். மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "எண்ணெ விட்டுடும்மா, அப்புறம் அடுத்தவங்க கோதுமையெல்லாம் கடலை வாசம் அடிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேரே கீழே வந்து என் அம்மிக்கல்லைக் கேட்டாள். அரைத்தது யார்? என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு தேங்காய்ச் சில்லு அரைத்துத் தராத மனுஷன், பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலை அரைத்தார். கேட்டால், "பாவம்டி, ஊர் விட்டு ஊர் வந்து தனியா இருக்கு" என்றார். நானும்தான் திருச்சிப் பக்கத்திலிருந்து ஊர் விட்டு ஊர் வந்தேன். எனக்கு யார் அரைத்தார்கள்?

பள்ளியிலும் இதே கதை. நான் கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிற பெண்கள், அவள் மேஜைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கேட்டால் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். பரீட்சைக்கு வருகிற கேள்விகளுக்கு விடை எழுதிப்போட மாட்டாள். "நீயே யோசி" என்பாள். அதையே நான் சொன்னால் சோம்பேறித்தனம், அவள் சொன்னால் புது முறை. பரீட்சை நெருங்கியதும் அந்தப் பெண்களே ஒருத்தருக்கும் தெரியாமல் என்னிடம் வந்து நோட்ஸ் வாங்கிப் போனார்கள். ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றி யாராவது பேச வேண்டுமே. கிடையாது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறார்? என் வயிறு எரிந்தது வேறு ஒருத்திக்காக.

அவள் குரோம்பேட்டையில் ஏறுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வண்டி தாம்பரத்தில் கிளம்புவதால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் என் கைப்பையை வைத்து அவளுக்கும் பிடித்து வைப்பேன். சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் முறைப்பார்கள். "ஆள் வருது" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை, அன்று என் டிபன் டப்பாவில் என்ன என்று திறந்து பார்ப்பது. பரங்கிமலை வருவதற்குள் பாதி காலியாகியிருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

எங்களைச் சேர்த்து வைத்ததே வளைகாப்புதான். அந்தப் பெட்டியில் தினமும் வருகிற எங்களில் யாருக்காவது ஏழாம் மாதம் வந்தால், ஓடுகிற ரயிலிலேயே வளைகாப்பு நடத்துவோம். சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல், பாட்டு, கட்டுச்சாதம் எல்லாம் உண்டு. பல்லாவரத்தில் ஆரம்பித்தால் மாம்பலத்துக்குள் கை கழுவிவிட வேண்டும். ஓர் ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்த வயதான அம்மாள்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்துவாள். அவளைப் பெரியக்கா என்போம். மூன்று பிள்ளை பெற்றவள், அதனால் முதல் காப்பு அவள் கையால். பிறகு பிள்ளை பெற்றவர்கள் வரிசையாக வந்து போடுவார்கள். பிள்ளை இல்லாதவர்களை யாரும் வராதே என்று சொன்னதில்லை. அவ்வளவு பொல்லாதவர்கள் இல்லை. "நீ கொஞ்சம் சாதத்தைப் பார்த்துக்கம்மா" என்பார்கள். அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது, என் குரோம்பேட்டைக்காரிக்கு ஆறு. ஆகவே சாதத்தைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம் எப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும்தான். வாசலோரம் நின்று புளிச்சாதத்தையும் தேங்காய்ச் சாதத்தையும் வாழையிலைத் துண்டுகளில் வைத்துக்கொண்டே, உள்ளே பாடுகிறவர்களின் சுருதியைக் கேலி செய்துகொண்டிருப்போம். கேலி செய்யாமல் அந்த இடத்தில் நிற்க முடியாது. அப்படி ஒருநாள் அவள் என் காதில் சொன்னாள். "அக்கா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல வந்தாலும் சரி, முதல் காப்பு மத்தவதான் போடணும். பெரியக்கா என்ன சொன்னாலும் கேக்கக்கூடாது."

புளிச்சாதக் கையோடு அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவளும் செய்தாள்.

இந்தப் பெட்டிக்குத்தான் வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே எல்லோரும் நகர்ந்து ஜன்னல் இடத்தைக் கொடுத்தார்கள். நான் எத்தனை வருஷமாகப் போகிறேன், வெயில் முகத்தில் அடிக்கிற பக்கத்து ஜன்னலைத் தவிர வேறு எதையும் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பெட்டியில் பூ விற்கிறவள் என்னிடம் கால் முழம் கொசுறு தருவதற்குக்கூட மூக்கால் அழுவாள். வெள்ளைக்காரியைப் பார்த்ததும், "இன்னாம்மா, உன் முடிக்கு கனகாம்பரம் சூப்பரா கீது, துட்டு வேணாம் வெச்சிக்கோ" என்று ஒரு முழத்தை எடுத்து அவளே வைத்துவிட்டாள். வெள்ளைக்காரி ஊரில் ஏதோ வகுப்பில் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். பூக்காரியோடு பழகியதில் அது ஒரே மாதத்தில் கந்தலாகிவிட்டது. காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, இன்னிக்கு இன்னா டிபன்?" என்பாள். தெருவே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜன்னலோரம் வெள்ளைக்காரி, இந்தக் கோடியில் நான், நான் பை வைத்துப் பிடித்த நடு இடத்தில் என் குரோம்பேட்டைக்காரி. முதல் வாரம் அவள் முகம் என் பக்கம் இருந்தது. மாதம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஜடைதான். பனி விழுந்தால் ரோட்டில் எப்படி நடப்பீர்கள், கல்யாணம் வேண்டாம் என்றால் அப்பா அம்மா திட்டமாட்டார்களா, தனியாகத் தூங்கப் பயமாக இருக்காதா என்று ஓயாத கேள்வி. என் டிபன் டப்பாவை மறந்தே போனாள். ஒருநாள் நானே திறந்து நீட்டினேன். அவளுக்குப் பிடித்த அடை. ஒரு துண்டைப் பிய்த்து, "அக்கா கையால சாப்பிட்டுப் பாருங்க" என்று அதை வெள்ளைக்காரி கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்கிற சாக்கில் வீட்டுக்கு வருவாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும், "மேல ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேன்க்கா" என்று படியேறிவிடுவாள். பிறகு மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் கீழே அரிசி களைந்துகொண்டிருப்பேன். அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தை இரண்டு இடி இடிக்கலாமா என்றுகூட இருந்தது. எனக்குப் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரி படியிறங்கி வந்து, "அக்கா, ரொம்ப சந்தோஷம், இல்ல? அவங்களுக்கு பேபி வரப் போவுது" என்றாள்.

வாளியைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரியாது என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று ரயிலில் கேட்டதற்கு, குரோம்பேட்டைக்காரி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "மூணு மாசம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாமியார் சொல்லியிருந்தாங்கக்கா. இவங்க வெளியூர்க்காரங்கதானே, இவங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னுதான்."

அப்படியென்றால் என்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தியத்தை நான் விடவில்லை. எது எப்படிப் போனாலும் முதல் காப்பு என்னுடையது என்று மனதுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

ஏழாம் மாதம் வந்தது. கண்ணாடி வளையல்களுக்கு முன்னால் போடுகிற முதல் காப்பு வேப்பங்குச்சியில் வளைத்தது. அதைச் செய்து எடுத்துவருகிற வேலையைப் பெரியக்கா வழக்கம்போல என்னிடம் விட்டிருந்தாள். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் தளிர்க்கிளை இருந்தது மாடிப் பால்கனியை ஒட்டி. அதற்கும் வெள்ளைக்காரியைத்தான் கேட்க வேண்டியிருந்தது, பாருங்கள். உற்சாகமாக ஒடித்து எடுத்துக்கொண்டு வந்து, படியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உடையாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, முனைகளை மஞ்சள் தடவிய நூலால் கட்டினேன்.

"ஏன் ரெண்டு முடிச்சு?" என்று கேட்டாள்.

"அவுறாம இருக்க."

என் முடிச்சு அவிழாது. பூக்கட்டினாலும் சரி, முறுக்குப் பொட்டலம் கட்டினாலும் சரி, கத்தரிக்கோலை எடுத்து வந்த பிறகுதான் பேச்சு என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். அவள் காப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா கீது. யார் போடுவாங்க?" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன். நாளைக்கு எல்லோர் முன்னாலும் குரோம்பேட்டைக்காரி வாயைத் திறந்து, அக்காதான் போட வேண்டும் என்று சொல்வாள். அப்போது இவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஆசை.

மறுநாள் குரோம்பேட்டைக்காரி பச்சைப் பட்டுப்புடவையில் ஏறினாள். பூக்காரி நெட்டி முறித்து, "கல்யாணப் பொண்ணு மாதிரி கீறியேம்மா, பொட்டப்புள்ளதான் பாரு" என்றாள். பல்லாவரம் தாண்டியதும் பெரியக்கா கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுத் தட்டிலிருந்த வேப்பங்காப்பை எடுத்தாள். நான் புளிச்சாதத் தூக்கோடு வாசலோரம் நின்று, குரோம்பேட்டைக்காரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாய் திறக்கவில்லை. திறந்தது ஜன்னலோரத்தில்.

"பெரியக்கா, அது அக்கா செஞ்சது. அக்காதானே போடணும்?" என்றாள் வெள்ளைக்காரி.

செய்தவள் போட வேண்டும். அவள் கணக்கு அவ்வளவு சுலபம். பாட ஆரம்பித்திருந்த இரண்டு பேர் நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி சந்தனத்தைக் கரைக்க ஆரம்பித்தாள். அது முன்பே கரைத்து வைத்ததுதான்.

"அவங்க செஞ்சதுதாம்மா. இல்லைன்னு யார் சொன்னா. ஆனா..." பெரியக்காவுக்கு மேலே வரவில்லை. பாவம், அவள் கெட்டவள் இல்லை. குரோம்பேட்டைக்காரியைப் பார்த்து, "நீயே சொல்லும்மா, உன் இஷ்டம்" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"பெரியக்காவே போடட்டும்" என்றாள். பிறகு என் பக்கம் நிமிராமலே, "அக்கா, நீங்க கொஞ்சம் சாதத்தைப் பாத்துக்கங்க" என்றாள்.

மற்றவர்கள் அதைச் சொன்னபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். மீனம்பாக்கத்தில் வண்டி நின்றது. இறங்கிவிடலாம் போலிருந்தது. கையில் அத்தனை பெரிய தூக்கை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? இலைத்துண்டுகளை எடுத்துப் பிரித்தேன்.

கண்ணாடி வளையல் முறை வந்ததும் பெரியக்கா வெள்ளைக்காரியைக் கூப்பிட்டாள். "நீ நம்ம விருந்தாளிம்மா. உனக்கு இந்த முறையெல்லாம் கிடையாது. வா, வந்து ரெண்டு வளையல் போடு."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கும் குழந்தை இல்ல. அக்கா போடக்கூடாதுன்னா நானும் கூடாது. இல்லியா? ஏன்?" என்றாள். ஜன்னல் இடத்தை விட்டு எழுந்து, ஆடுகிற வண்டியில் தடுமாறிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, கரண்டியை எடுத்தாள். "நானும் சாதம்" என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் பாசம் பொங்கி வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. கிண்டி வருவதற்குள் பெட்டி முழுக்க அவள் புராணம். என்ன மனசு பாரு, கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூக்காரி இன்னொரு முழத்தை எடுத்து அவள் தலையில் வைத்தாள். அவமானப்பட்டவள் நான், பேர் வாங்கிக்கொண்டவள் அவள். அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அந்த "ஏன்". இத்தனை வருஷத்தில் என் வாயில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? அவள் நாளைக்கே விமானம் ஏறிவிடலாம், கேட்பாள். நான் மறுநாளும் அதே பெட்டியில் ஏற வேண்டியவள். இதில் அளவு தெரியாமல் ஆளுக்கு இரண்டு கரண்டி வைத்து, கடைசியில் நான்கு பேருக்குப் புளிச்சாதம் இல்லாமல் பண்ணிவிட்டாள்.

சாயங்காலம் எழும்பூர் பிளாட்பாரத்தில் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேனா?"

"ஆமாம்" என்றேன். பரவாயில்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலங்களில் குரோம்பேட்டைக்காரி எங்களுக்கு முன்னால் கோட்டையிலேயே ஏறிவிடுவாள். கொஞ்ச மாதமாக அவள் இடம் பிடித்து வைப்பது வெள்ளைக்காரிக்குத்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்று நாங்கள் ஏறியதும், பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, "அக்கா, இங்க" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெள்ளைக்காரிக்கு எதிர் வரிசையில் யாரோ ஜன்னலோரம் கொடுத்தார்கள். அவளுக்கு எங்கேயும் கிடைத்துவிடும்.

நுங்கம்பாக்கம் வரைக்கும் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கோடம்பாக்கத்தில் குரோம்பேட்டைக்காரி முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். வளையல்களுக்கு மேலே முழங்கைப் பக்கம் இருந்த வேப்பங்காப்பைக் காணோம். அது மற்றக் கையில், வாய் பிளந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"முடிச்சு அவுந்துடுச்சுக்கா."

நூலைப் பார்த்தேன். பிசிர் பிசிராக இருந்தது. டெலிபோன் கூப்பிட்ட நேரம் போக, பகல் முழுக்க நகத்தால் நோண்டியிருக்கிறாள்.

"கட்டி விடுங்க. யாரும் பாக்கல" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் சுட்டது. எல்லோரும் பார்க்கப் போட வேண்டியதை இப்படி முந்தானைக்குள் நீட்டுகிறாள். அதுவும் பெரியக்கா கையால் முதலில் போட்டாயிற்று, இனி என் கை பட்டால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்ட பிறகு. மாம்பலம் போயிற்று. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"ஆறு வருஷமாச்சுக்கா. பயந்துட்டேன்" என்றாள்.

எனக்கும்தான் ஆயிற்று. ஆனால் முந்தானைக்குள் அவள் வளையல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. குச்சியை வாங்கி, அவள் கையில் வைத்து, பழையபடி வளைத்துக் கட்டினேன். மேலே இன்னும் ஒரு முடிச்சு போட்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு என் பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்துப் பார்த்தாள். காலையில் நான் சாப்பிடாமல் வைத்திருந்த இட்லி அப்படியே இருந்தது. தின்ன ஆரம்பித்தாள்.

யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் ஒருத்தி பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. எதிரே திரும்பினேன். வெள்ளைக்காரி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, இரண்டு முழப் பூவும் வாடித் தொங்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குரோம்பேட்டையில் அவள் இறங்கிப் போனாள். தாம்பரத்தில் பெட்டி காலியாயிற்று. இவளை எழுப்பாமல் இறங்கிவிட்டால் இதே வண்டியில் திரும்பக் கடற்கரைக்குப் போய்ச்சேருவாள் என்று தோன்றாமல் இல்லை. தோளைத் தட்டினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவள் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் ஏதாவது மிஸ் பண்ணிட்டேனா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, இறங்கு" என்றேன்.